தேன் ஸ்ட்ரா செய்த கதை: 23 ஒழுகல்கள், ஒரு துணி கிளிப்

முதல் நாள் ராத்திரி தேன் நிரப்பி இரண்டு முனையையும் ஒட்டி வைத்த 32 ஸ்ட்ராக்களில், மறுநாள் காலையில் ஒழுகாமல் இருந்தவை 9. மீதி 23-இன் தேனும் தட்டில் இறங்கி, தட்டிலிருந்து மேசைக்கு வழிந்து, மேசை விளிம்பில் நூல் மாதிரித் தொங்கித் தரையைத் தொட்டிருந்தது. எறும்புகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ, சமையலறை ஜன்னலிலிருந்து சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. இரவுப் பணி முடிந்து வந்த மனைவி செருப்போடு அதில் கால் வைத்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

அந்த 9 எப்படித் தப்பின என்று யோசித்ததில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. அதற்கு மூன்று வாரம் ஆனது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்குப் பக்கம். கொல்லையில் இரண்டு தேனீப் பெட்டிகள். எல்லாரும் வைத்திருக்கும் லாங்ஸ்ட்ராத் பெட்டிதான். அதைக் கண்டுபிடித்த லாங்ஸ்ட்ராத் பல வருஷம் குடியிருந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஊர்கூட இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் தேனீக்காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரைட் சகோதரர்கள் இங்கே ஹஃப்மன் பிரேரி மைதானத்தில் 1904 செப்டம்பர் 20 அன்று விமானத்தை முதல்முறையாக ஒரு முழு வட்டம் சுற்றவிட்டபோது, அதை நேரில் பார்த்து 1905 ஜனவரியில் விரிவாக எழுதியவர் ஏ. ஐ. ரூட். அவர் நடத்தியது தேனீ வளர்ப்புப் பத்திரிகை! பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாத சேதி தேனீக்காரர்களின் பத்திரிகையில் வந்தது.

சரி, ஸ்ட்ராவுக்கு வருவோம். இங்கே திருவிழாச் சந்தைகளிலும் சனிக்கிழமை உழவர் சந்தைகளிலும் தேன் ஸ்ட்ரா சாதாரணம். ஆறு மில்லிமீட்டர் குழலில் ஒரு டீஸ்பூன் தேனை அடைத்து இரண்டு முனையையும் ஒட்டியிருப்பார்கள். பிள்ளைகள் ஒரு முனையைக் கடித்துப் பிய்த்து உறிஞ்சுவார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் விற்ற குச்சி பெப்சிக்கு இது தூரத்துச் சொந்தம். என் மகள் ஒரு சந்தையில் நீல நிறத்தில் ராஸ்பெர்ரி வாசனையோடு ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, நம்ம தேன்லயே ஏன் செய்யக் கூடாது?" என்றாள். வீட்டில் மே மாதக் கடைசியில் எடுத்த, பிளாக் லோகஸ்ட் என்ற மரத்தின் பூத் தேன் ஒரு வாளி இருந்தது. செய்யலாமே என்றேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

எனக்கு அதில் ஒரு அசட்டு நம்பிக்கையும் இருந்தது. சாத்தூரில் அப்பாவுக்குப் பெட்டிக்கடை. கடலை, பொரி, மிக்சர் எல்லாம் சின்னக் கவரில் போட்டு ஒட்டுவது சாயங்காலங்களில் என் வேலை. மெழுகுவர்த்தி ஒன்று, பழைய ஆக்சா பிளேடு ஒன்று. கவர் வாயை பிளேடு மேல் மடித்து, ஓரத்தைச் சுடரில் ஒரே இழுப்பாக இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். நின்று இழுத்தால் பொசுங்கும், விரைந்து இழுத்தால் வாய் பிளக்கும். ஒரு மணி நேரத்தில் இருநூறு கவர் ஒட்டியவன் நான். இந்த ஸ்ட்ராவா பெரிய விஷயம்?

பெரிய விஷயம்தான். கவர் மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்ட்ராவின் சுவர் அதைவிடப் பல மடங்கு தடிமன். சுடரில் காட்டினால் வெளிப்பக்கம் உருகிச் சொட்டும், உள்பக்கம் சும்மா இருக்கும். கரி வேறு படிகிறது. நான்கு ஸ்ட்ரா கருகியதும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.

அடுத்து, மனைவியின் முடி நேராக்கும் இடுக்கி. கேட்டுத்தான் எடுத்தேன். இந்த ஸ்ட்ராக்கள் பாலிபுரொப்பிலீன். ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். இடுக்கி 200-ஐத் தாண்டிப் போகிறது, சூட்டைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது. பிளாஸ்டிக் இடுக்கியின் தகட்டில் ஒட்டாமல் இருக்க, கேக் வேகவைக்கும் பார்ச்மென்ட் தாளை நடுவில் வைத்து மூன்று வினாடி அழுத்தினேன். வெறும் ஸ்ட்ராவில் அருமையாக ஒட்டியது. தேன் நிரப்பியதில் ஒட்டியது போல நடித்தது. மேலே சொன்ன 32-உம் இப்படிச் செய்தவைதான்.

ஒழுகியவற்றை வெட்டி, முனையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டின கோட்டுக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள், பழுப்பு நிறத்தில் ஒரு வரி. அப்போதுதான் உறைத்தது. தேனில் 17, 18 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. 160 டிகிரியில் அது ஆவியாகாமல் என்ன செய்யும்? ஆவி கொப்புளித்துப் பிளாஸ்டிக்கைப் பிளக்கிறது. மிச்சமிருக்கும் சர்க்கரை கருகி, இரண்டு சுவர்களும் ஒன்றை ஒன்று தொடாமல் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. சூட்டைக் கூட்டினால் கொப்புளம் அதிகமாகும், குறைத்தால் பிளாஸ்டிக்கே உருகாது. எந்தச் சூட்டிலும் இது சரியாக வராது. தப்பிய 9 ஸ்ட்ராக்களிலும் தேன் தற்செயலாகக் கொஞ்சம் குறைவாக விழுந்து, வாய் காய்ந்திருந்தது. நான் ஒட்டுவதையே கட்டிக்கொண்டு அழுதேன்; கோளாறு நிரப்புவதில் இருந்தது.

(பெரிய ஆலைகளில் இதற்கு அல்ட்ராசோனிக் கருவி வைத்திருக்கிறார்கள். அதிர்விலேயே நடுவில் இருக்கும் தேனை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒட்டிவிடும். அதன் விலைக்கு நான் ஒரு பழைய கார் வாங்கலாம்.)

எப்படி நிரப்பினாலும் இரண்டு வாயும் ஈரமாகக் கூடாது. சொல்வது சுலபம். அப்போது நான் நிரப்பிக்கொண்டிருந்த விதம், ஒரு முனையை முதலிலேயே ஒட்டிவிட்டு, மற்ற முனை வழியாக சிரிஞ்சால் தேனை விடுவது. தேன் குழலுக்குள் பாதி வழியில் அடைத்துக்கொண்டு கீழே காற்றைச் சிறைப்பிடித்து, மேலே பொங்கி வாயெல்லாம் அப்பியது. அடி வரை எட்டும் மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகிப் பார்த்தேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். குழாயின் அகலத்தைப் பாதியாக்கினால் அதே அளவு தேனைத் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். இது எனக்குக் கல்லூரியில் படித்தபோது புரியவில்லை, கட்டைவிரல் வீங்கியபோது புரிந்தது.

கீழிருந்து உறிஞ்சி ஏற்றும் யோசனையும் வந்தது. ஸ்ட்ராக் கட்டைத் தேன் பாத்திரத்தில் நிறுத்தி, மேலே காற்றை உறிஞ்சினால் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். நிரம்பவும் செய்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் கீழ் முனை தேனில் முங்கியே ஆகவேண்டும் அல்லவா? துடைத்தாலும் உள்சுவரில் படலம் போகாது. அதையும் விட்டேன்.

கடைசியில் நிலைத்த முறை இது. ஸ்ட்ராவின் இரண்டு முனையும் திறந்தே இருக்கும். கீழ் முனைக்குள், உள்விட்டத்தை ஒட்டியே போகும் ஒரு எஃகுக் குழாயை 2 செ.மீ. ஆழத்துக்குச் சொருக வேண்டும். என் ஸ்ட்ராவின் உள்விட்டம் 5.5 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் 5. குழாய் வழியாகத் தேனை மேல்நோக்கித் தள்ளினால், அது பிஸ்டன் மாதிரி காற்றை மேலே துரத்திக்கொண்டு ஏறும். மேல் விளிம்புக்கு 1.5 செ.மீ. கீழே நிறுத்திவிடலாம். அங்கே தேன் வரவே இல்லை, ஆகவே மேல் வாய் காய்ந்திருக்கிறது. கீழ் வாயை எஃகுக் குழாய் அடைத்துக் காக்கிறது. இடையில் இருக்கும் மயிரிழைச் சந்தில் தேன் கொஞ்சம் பின்னால் இறங்கும், ஆனால் 2 செ.மீ. கடப்பதற்குள் ஸ்ட்ரா நிரம்பிவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டினேன். குழாயை உருவும்போது, அது விட்டுச் செல்லும் வெற்றிடத்தை நிரப்பத் தேன் பின்னாலேயே இறங்கி வந்து வாயை நனைத்துவிடுகிறது. மெதுவாக உருவினேன், வெடுக்கென்று உருவினேன், திருகி உருவினேன், படுக்கவைத்து உருவினேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மனைவி (அவள் செவிலியர்) ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ட்ரிப்ஸ் ட்யூபைக் கழட்டுறதுக்கு முன்னாடி நாங்க கிளாம்ப் போடுவோம். நீங்க ஏன் போடல?" என்றாள்.

துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்றை எடுத்து, குழாய் முனைக்குச் சற்று மேலே, அதாவது கீழ் வாயிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி, ஸ்ட்ராவை நசுக்கிக் கவ்வவிட்டேன். அப்புறம் குழாயை உருவினேன். தேன் நின்றது. வாய் உலர்ந்து பளபளவென்று இருந்தது. மூன்று வாரமாகத் தேடியது துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தேனைத் தள்ளும் கருவி பற்றியும் கேட்பீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மில்லி சிரிஞ்ச், புதிதாக, ஊசி இல்லாதது. கட்டைவிரலுக்குப் பதில், சுவர் விரிசலில் சிலிக்கோன் பீய்ச்சும் துப்பாக்கி. சிரிஞ்சின் தண்டை அறுத்து ரப்பரை மட்டும் உள்ளே விட்டேன். துப்பாக்கிக் கம்பியின் முனையில் இருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டால் கம்பி சிரிஞ்சுக்குள் போகும்; ரப்பரைக் குத்தாமல் இருக்க நடுவில் ஒரு மரத்துண்டு. சிரிஞ்ச் துப்பாக்கியின் தொட்டிலில் ஆடாமல் உட்கார, பலகையில் வட்டமாகத் துளைபோட்ட வளையம் ஒன்று. சிரிஞ்ச் மூக்கையும் எஃகுக் குழாயையும் சிலிக்கோன் டியூப் இணைக்கிறது. விசையை ஐந்தாறு தடவை அழுத்தினால் ஒரு ஸ்ட்ரா நிரம்புகிறது, பத்துப் பன்னிரண்டு வினாடி. துப்பாக்கியின் பின்பக்கம் அழுத்தத்தை விடுவிக்கும் தகடு ஒன்று இருக்கும். நிறுத்தும்போது அதை அமுக்க மறந்தால் தேன் தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். நான் இரண்டு முறை மறந்தேன்.

நான்கு குழாய் வைத்து நான்கு ஸ்ட்ராவை ஒரே நேரத்தில் நிரப்பும் ஆசையும் விடவில்லை. செய்தேன். ஒன்று பொங்கும்போது இன்னொன்று பாதியில் நின்றது. கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைக் குழாய்க்கே திரும்பினேன். நூறு இருநூறு ஸ்ட்ராவுக்கு ஒன்று போதும்.

தேனை 40 டிகிரிக்குச் சூடுபடுத்திக்கொள்வது அவசியம். கூட்டுக்குள் குஞ்சுகள் இருக்கும் பகுதியே ஏறத்தாழ 35 டிகிரியில் இருப்பதால் இதனால் தேனுக்குப் பெரிய கெடுதி இல்லை, ஆனால் ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாளியிலிருந்து எடுத்ததை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்தேன். மேலே மிதக்கும் நுரையையும் மெழுகுத் துணுக்கையும் வழித்துவிட வேண்டும். ஒரு துணுக்கு போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். ஈரப்பதத்தை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன், 17.4. தேனீ மெழுகு மூடாத அறைகளிலிருந்து வந்த தேனில் இது 19, 20 என்று இருந்தால் ஸ்ட்ராவுக்கு வேண்டாம். நாளாக நாளாகப் புளிக்கும், உள்ளே வாயு சேர்ந்து ஸ்ட்ரா உப்பும்.

இனி ஒட்டுதல். முடி இடுக்கியை வணக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பை ஒட்டும் 20 செ.மீ. கையடக்க இம்பல்ஸ் சீலர் ஒன்று வாங்கினேன். சிரிஞ்சை விட்டால் இது மட்டும்தான் இதற்காகக் கடையில் வாங்கிய கருவி, சிக்கனத்தில் நான் சறுக்கிய ஒரே இடம். இடுக்கி எந்நேரமும் சூடாக இருக்கும். திறக்கும்போது பிளாஸ்டிக் இன்னும் பாகாகவே இருப்பதால் ஒட்டிய வாய் இழுபட்டுப் பிளக்கிறது. இம்பல்ஸ் சீலரில் நைக்ரோம் பட்டை ஒரு வினாடிக்கு மட்டும் சுடும். பிறகு மின்சாரம் நின்று, அழுத்தியபடியே ஆறும். அந்த ஆறும் நேரம்தான் ஒட்டுதலையே தீர்மானிக்கிறது. விளக்கு அணைந்ததும் கையை எடுத்துவிடாமல் ஐந்து வரை எண்ணுகிறேன்.

20 செ.மீ. பட்டையில் எத்தனை ஸ்ட்ரா கொள்ளும்? ஆறு மில்லி ஸ்ட்ரா தட்டையானால் ஒன்பதரை மில்லி அகலம். 13 மி.மீ.க்கு ஒரு பள்ளம் என்று பலகையில் ரம்பத்தால் கோடு போட்டு, சீப்பு மாதிரி 15 பள்ளம் செய்தேன். 15 என்பது கணக்காகவும் அமைந்தது: ஒரு ஸ்ட்ராவில் 16 செ.மீ. நீளத்துக்குத் தேன், அது 3.8 மில்லி, 60 மில்லி சிரிஞ்ச் ஒருமுறை நிரப்பினால் 15 ஸ்ட்ரா. எடையில் ஒன்று ஏறத்தாழ ஐந்தரை கிராம், கிலோவுக்கு 180 ஸ்ட்ரா.

கிளிப் மாட்டிய ஸ்ட்ராக்களைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்திவைத்து, 15 சேர்ந்ததும் சீப்புப் பலகையில் படுக்கவைத்து மேல் வாய்களை ஒரே அழுத்தில் ஒட்டுகிறேன். பலகையைத் திருப்பி, கிளிப் இருக்கும் பக்கத்தை ஒட்டுகிறேன். அப்புறம்தான் கிளிப்பை எடுக்க வேண்டும், முந்தக் கூடாது. விளிம்பிலிருந்து மூன்று நான்கு மில்லி உள்ளே ஒட்டுக்கோடு விழுமாறு பார்த்துக்கொண்டேன். கடித்துப் பிய்க்கவும் ஒரு நுனி இருக்கும். முனைகளில் விட்ட வெற்றிடம் உள்ளே ஒரு குமிழியாக நிற்கிறது. சாய்த்தால் மெல்ல ஊர்ந்து போகும். பார்க்கக் குறையாகத் தெரிந்தாலும் வெயிலில் தேன் விரிய அந்த இடம் வேண்டும். மகளுக்கு அந்தக் குமிழியோடு விளையாடுவதே வேலையாகிவிட்டது.

இதில் கைப்பழக்கம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் எஃகுக் குழாயின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைக்க வேண்டும். அலுப்பில் ஒரு வரிசை முழுக்கத் துடைக்காமல் விட்டேன். அந்த வரிசையில் மட்டும் 15-இல் 6 ஒழுகியது.

ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஜூலை மாத வெயிலில் நிறுத்திய கார்தான் என் சோதனைச்சாலை. வெள்ளைத் தாளில் பரப்பி, மேலே பலகையும் இரண்டு தடிப் புத்தகமும் வைத்து, பின் இருக்கையில் மதியம் முழுக்க விட்டுவிடுவேன். தேன் இளகி, காற்று விரிந்து, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தாளில் வட்டம் தெரிந்துவிடும். கடைசியாகச் செய்த 150-இல் ஒழுகியவை 4. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கும் பி.எல்.ஏ. ஸ்ட்ராவையும் இதே காரில் சோதித்தேன். அது 60 டிகிரி வாக்கிலேயே தளர்ந்துவிடும் சாதி. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பலகையின் அடியில் அப்பளம் மாதிரி கிடந்தது.

இதற்குப் பிளாஸ்டிக் தேவையா என்ற கேள்வியும் நியாயமானதுதான். சாத்தூரிலிருக்கும் அண்ணன் மகன் வீடியோவில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இங்க நாங்களும் செஞ்சு விக்கலாமா?" என்றான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே தடை. இதை உறிஞ்சுகுழல் இல்லை, பொட்டலம் என்று வாதாடப் போகாதே, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போடு என்றேன். ஐந்து கிராம் தேனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் என்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. வருஷத்துக்கு இருநூறுக்கு மேல் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஸ்ட்ராக் கட்டு ஒவ்வொன்றிலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று சீட்டு வைக்கிறோம். தேனில் பொட்டுலிசம் உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்; பெரியவர்கள் குடல் சமாளித்துக்கொள்ளும், பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "உனக்குச் சேனை வச்சதே நான்தான்டா, தேன்லதான் வச்சேன். நல்லாத்தானே இருக்க?" என்றாள். (பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைப்பதுதான் சேனை.) மனைவி போனை வாங்கி அரை மணி நேரம் பேசினாள். யார் ஜெயித்தது என்று தெரியவில்லை, ஆனால் அண்ணன் பேத்திக்கு இந்த முறை சேனை வைக்கவில்லை.

செப்டம்பரில் கோல்டன்ராட் என்ற காட்டுச் செடியின் பூத் தேன் வந்தது. அதையும் 30 ஸ்ட்ராவில் அடைத்தேன். அது சீக்கிரம் உறையும் தேன் என்று தெரியும், இருந்தும் ஆசை. மூன்றே வாரத்தில் உள்ளே மணல் மணலாகக் கட்டி, உறிஞ்சினால் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் இளகுகிறது. இரண்டு நாளில் மறுபடி கட்டுகிறது. மே மாதத் தேன் ஸ்ட்ராக்கள் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கின்றன. பிளாக் லோகஸ்ட் தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம், லேசில் உறையாது. ஸ்ட்ராவுக்கு அதுதான்.

உறைந்துபோன 30-ஐ என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றைக் கத்தரியால் நெடுக வெட்டித் திறந்து, உள்ளே இருந்த குச்சியை அப்படியே எடுத்து மிட்டாய் மாதிரி மென்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் தோழிகள் கேட்பது அதைத்தான்.